சந்திரனுக்கு ஒரு வெள்ளோட்டம்

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், எடுத்த எடுப்பிலேயே அதில் சுவாமியை ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் ஒரு நாள் தேரை மட்டும் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்று தேர் செய்தவர் கூடவே நடந்து வருவார். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அன்றைக்கு அச்சு முறிந்தால் தச்சருக்கு மட்டும் கஷ்டம். திருவிழா அன்று முறிந்தால் ஊருக்கே கஷ்டம்.

சந்திரனுக்குப் போகிற தேருக்கு எங்கே வெள்ளோட்டம் விடுவது?

சந்திரனிலேயே விட்டுப் பார்க்கலாம் என்றால், அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர் இல்லை. ஆகவே பூமியிலேயே ஒரு சின்னச் சந்திரனைச் செய்துகொள்ள வேண்டியதுதான். இஸ்ரோ என்று நாம் செல்லமாக அழைக்கும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அதைத்தான் செய்தது. அந்தச் சந்திரனுக்கு மண் கொடுத்தது நம்முடைய நாமக்கல் சீமை. பள்ளம் கொடுத்தது கர்நாடகத்துச் சித்ரதுர்கா. அதன் மேலே உலா வந்தது ஒரு சின்ன ஆகாய விமானம்!

காலுக்கு ஒரு பரீட்சை

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூருக்குப் போகும் சாலை லாரிகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் பேர் போனது. காவிரிக் கரையை நெருங்கினால் வெற்றிலைக் கொடிக்கால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இந்த வட்டாரத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பூமிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் வெளுத்த பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, பாறை உசத்தியானது. நாம் பௌர்ணமி இரவில் அண்ணாந்து பார்க்கும்போது சந்திரனில் பளிச்சென்று வெளுப்பாகத் தெரிகிறதே, அந்த மேட்டுப் பகுதிகளில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான்.

அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தியும் பேரனும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டால் எப்படி இருக்கும்?

"ஏங்கண்ணு, நம்மூருக் கல்லுல அப்படி என்னதான் இருக்குது?"

"நெலாவுல இருக்கிற கல்லு மாதிரியே இருக்குதாம், அப்பத்தா."

"இதுக்கு அத்தனை படிச்சவங்க வரணுமாக்கும்? ரெண்டும் ஒரே வெளுப்பாத்தான் இருக்குதுன்னு என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

அப்பத்தாவின் விஞ்ஞானம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் இஸ்ரோவுக்கு வெளுப்பு மட்டும் போதாது. சந்திரனின் தரை மாவு போன்ற பொடியால் மூடப்பட்டது. அதில் இறங்கும் கலத்தின் கால் எவ்வளவு புதையும்? ஊர்ந்து செல்லும் வண்டியின் சக்கரம் சறுக்குமா? இதையெல்லாம் அறிய டன் கணக்கில் மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோவுக்கு 150 டாலர் வரை ஆகும் என்றார்கள். மண்ணுக்கு இந்த விலையா என்று மலைத்தபோதுதான், நம் நாட்டு நிலவியல் அறிஞர்கள் சேலம் பக்கம் கையைக் காட்டினார்கள்.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் இதற்குத் துணை நின்றார்கள். பாறையை வெட்டி எடுத்து, சேலத்துப் பக்கத்திலேயே வேண்டிய அளவுக்குப் பொடித்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2012 முதல் இப்படிப் போன மண் சுமார் 50 டன். இந்த வேலையில் பங்கு கொண்டவர்கள் கூலி கேட்கவில்லை என்று சந்திரயான் திட்டங்களுக்குத் தலைமை வகித்த கோதவாடிக்காரர், மயில்சாமி அண்ணாதுரை, பிற்பாடு சொன்னார். மண்ணை உருவாக்கும் இந்த முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பெங்களூரில் ஒரு பெரிய கூடத்தில் இந்த மண்ணைப் பரப்பினார்கள். சந்திரனில் படும் வெயிலைப் போலவே விளக்கு வெளிச்சம் அமைத்தார்கள். அங்கே பொருளின் எடை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் அல்லவா? அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டு காலையும் சக்கரத்தையும் சோதித்தார்கள்.

கண்ணுக்கு ஒரு பரீட்சை

கால் சரி, கண்?

சந்திரனில் இறங்கும் கலத்தில் மனிதர் இல்லை. பூமியிலிருந்து வழி சொல்லலாம் என்றால், வானொலி அலை போய்ச் சேரவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. பதில் திரும்பி வர இன்னொரு விநாடி. பள்ளம் வருகிறது என்று நாம் கத்துவதற்குள் கலம் பள்ளத்துக்குள் இருக்கும். ஆகவே கடைசி நிமிஷங்களில் அது தானே பார்த்து, தானே முடிவு செய்து இறங்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம், கீழே குழி இருக்கிறதா, பாறாங்கல் இருக்கிறதா, எங்கே கால் வைக்கலாம் என்பதை லேசர் கதிர், ராடார், காமிரா ஆகிய கண்களால் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் கண்களைச் சோதிக்கத்தான் ஆகாய விமானம் வந்தது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே என்ற ஊருக்குப் பக்கத்தில், மரம் மட்டையில்லாத பொட்டல் வெளியில், சந்திரனில் இருப்பது போலவே குழிகளை வெட்டினார்கள். 2016-ல் இஸ்ரோவின் சின்ன விமானம் ஒன்று, இறங்கு கலத்தின் கருவிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு, அந்தக் குழிகளுக்கு மேலே பறந்தது. குழி கருவிக்குத் தெரிகிறதா? நிழலைப் பள்ளம் என்று எண்ணி ஏமாறுகிறதா? உயரத்தைச் சரியாகச் சொல்கிறதா? இதுதான் பரீட்சை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சந்திரனில் காற்றே கிடையாது. அங்கே இறக்கை வைத்த விமானம் ஒரு முழம்கூடப் பறக்காது. பறக்கவே முடியாத ஊருக்குப் போகிற கலத்துக்கு, காற்றை நம்பிப் பிழைக்கும் ஆகாய விமானம் கண் பரிசோதனை செய்கிறது!

தென்னை மரத்திலிருந்து தொடங்கிய கதை

ராக்கெட் விடுகிறவர்களுக்கு ஆகாய விமானம் எதற்கு என்று கேட்கலாம். உண்மையில் இந்த உறவு பழையது. 1970-ஐ ஒட்டிய காலத்தில் கேரளத்துத் தென்னந்தோப்புகளை வேர் வாடல் நோய் அழித்துக்கொண்டிருந்தது. பிஷாரடி என்ற விஞ்ஞானி தம் குழுவினருடன் ஒரு ஹெலிகாப்டரில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் பிலிமால் தோப்புகளைப் படம் பிடித்தார். ஆரோக்கியமான மரம் படத்தில் ஒரு நிறமாகவும், நோய் கண்ட மரம் வேறு நிறமாகவும் தெரிந்தன. நம் நாட்டுத் தொலையுணர்வுக் கலைக்கு அதுவே பிள்ளையார் சுழி.

பின்னர் 1974-ல் ஹைதராபாத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் ஏற்பட்டது. இன்று அது இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம். இரண்டு என்ஜின்கள் கொண்ட பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் என்ற சிறிய விமானங்களை வைத்துக்கொண்டு அது நாட்டை மேலிருந்து அளந்து வந்திருக்கிறது. அமெரிக்க நாஸா நிறுவனத்தின் நூதனக் கருவி ஒன்றை அந்த வகை விமானத்தில் பொருத்தி, 2015 டிசம்பர் தொடங்கி 2016 மார்ச் வரை இந்தியாவில் 57 இடங்களில் பறந்து ஆராய்ந்ததும் உண்டு. நம் கண் ஏழு நிறம் பார்த்தால், அந்தக் கருவி 400-க்கும் மேற்பட்ட நிறங்களைப் பிரித்துப் பார்க்கும்.

செயற்கைக் கோளில் ஏற்றிய கருவி பழுதானால் எட்டி எடுத்துத் துடைக்க முடியாது. விமானத்தில் ஏற்றிய கருவியைச் சாயங்காலம் கழற்றிப் பார்த்து, மறு நாள் காலை மறுபடியும் மாட்டலாம். ஆகாய விமானத்தின் பெருமை இதுதான்: போனது திரும்பி வரும்.

விழுந்த இரவு

இத்தனை வெள்ளோட்டமும் விட்ட பிறகு, 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தூங்காமல் விழித்திருந்த வீடுகளில் தொலைக்காட்சியில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. சந்திரயான்-2-ன் விக்ரம், தரைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் உயரம் இருக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டது. அன்று இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் கண் கலங்கியதைப் பார்த்து, அவரை அறியாதவர்களும் கலங்கினார்கள்.

காரணத்தைத் தேடியபோது, எதிர்பார்த்ததைவிட என்ஜின்கள் சற்று அதிகமாகத் தள்ளியதும், அதனால் சேர்ந்த பிழையைத் திருத்தும் வேகம் கலத்துக்குப் போதாததும், இறங்கக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று மிகச் சிறியதாக இருந்ததும் தெரிய வந்தன.

அடுத்த முறை இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகலமாக்கினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை அளக்கப் புதிதாக லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். வெள்ளோட்டத்தையும் கூட்டினார்கள். சின்ன விமானம் ஓடிக்கொண்டேதான் பார்க்க முடியும். ஹெலிகாப்டரோ அந்தரத்தில் நிற்கும், மெதுவாகக் கீழே இறங்கும். ஆகவே இந்தத் தடவை கண்களை ஹெலிகாப்டரில் கட்டிப் பார்த்தார்கள். என்ஜின்களைப் பெரிய கிரேனில் தொங்கவிட்டு எரித்துப் பார்த்தார்கள்.

2023 ஆகஸ்டு 23, மாலை 6 மணி 4 நிமிஷம். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, சந்திரனின் தென் துருவத்தை ஒட்டிய பகுதியில் மெத்தென்று இறங்கியது.

மாட்டு வண்டியும் ராட்சத விமானமும்

ஆகாய விமானம் பரீட்சை வைக்கும் வாத்தியார் மட்டுமல்ல. பாரம் சுமக்கும் வேலையும் அதற்கு உண்டு. 1981-ல் ஆப்பிள் என்ற நம் செயற்கைக் கோளை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். லாரிக்குப் பஞ்சமில்லை. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது என்பதால் மரவண்டியைத் தேடிப் பிடித்தார்கள்.

அதே பெங்களூருக்கு 2023 மார்ச்சில் அமெரிக்க விமானப் படையின் சி-17 என்ற ராட்சத விமானம் வந்து இறங்கியது. உள்ளே இருந்தது, இஸ்ரோவும் நாஸாவும் கூட்டாகச் செய்த நிஸார் என்ற செயற்கைக் கோளின் பகுதி. பிறகு அதன் 12 மீட்டர் அகல ஆன்டெனா வெயிலில் அதிகமாகச் சூடேறலாம் என்ற சந்தேகம் வந்தது. சந்தேகம்தானே என்று விடவில்லை. கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பி, மேலே பூச்சுப் பூசி, 2024 அக்டோபரில் நாஸாவின் சி-130 விமானத்தில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலை 30 அன்று நிஸார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஒரு பூச்சுக்காக அரை உலகத்தைச் சுற்றியிருக்கிறது அந்த ஆன்டெனா!

ஒரு குடை விரியாவிட்டால்

இதுவரை சொன்ன வெள்ளோட்டமெல்லாம் யந்திரங்களுக்காக. இனி வருவது மனிதர்களுக்காக.

மனிதர்களை விண்வெளிக்கு ஏற்றிப்போகும் ககன்யான், திரும்பி வரும்போது பாரசூட்டுகளைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்க வேண்டும். 2022 நவம்பர் 18 அன்று ஜான்சிக்கு அருகே பபீனாவில், விமானப் படையின் ஐஎல்-76 விமானம் 5 டன் பாரத்தை 2.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தள்ளிவிட்டது. பெரிய பாரசூட்டுகளில் ஒன்று விரியாமல் போனால் மற்றவை தாங்குமா என்பதே அன்றைய கேள்வி. தாங்கின. 2025 ஆகஸ்டு 24 அன்று ஸ்ரீஹரிகோட்டா பக்கம் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று மாதிரிக் கூண்டைத் தூக்கிப்போய், சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டது. அதுவும் பத்திரமாக இறங்கியது.

எல்லாம் விரிந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுலபம். ஒன்று விரியாவிட்டால் என்ன ஆகும் என்று, ஆளில்லாத கூண்டை வைத்து முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் உள்ளே உட்காரப் போகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. அவர்களுக்கும் வீட்டில் தாய் தகப்பன் உண்டு. மனைவி மக்கள் உண்டு.

சந்திரயான்-3 இறங்கிய செய்தியைப் பேரன் சொல்லியிருந்தால், சித்தம்பூண்டி அப்பத்தா நிச்சயம் ஒன்று கேட்டிருப்பாள்:

"அப்ப நம்மூரு மண்ணு நெலாவுக்குப் போயிருச்சா, சாமி?"

"இல்லீங் அப்பத்தா. மண்ணு பெங்களூருலயேதான் இருக்குது. அங்க போனது அதுல நடந்து பழகினதுதான்."

"அதுவும் செரிதான். நீயுங்கூட இந்த வாசல்லதான் விழுந்து விழுந்து நடை பழகினே. இப்ப பெங்களூருல வேல பாக்கலியா?"