சமூக சேவைக் கழகங்களும் சமாதானமும்: நினைவுகூரல், இளைஞர் தொண்டு பற்றிய விளக்கம்

குடியியற் கல்வியிலும் தமிழ்மொழிக் கட்டுரை வினாக்களிலும் "சமூக சேவை", "சமாதானம்", "இளைஞரின் கடமை" ஆகிய தலைப்புகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. பல மாணவர்கள் சேவையின் சிறப்பைப் புகழ்ந்து எழுதுவதோடு நின்றுவிடுகின்றனர். சேவை எவ்வாறு சமாதானத்துக்கு உதவுகிறது என்பதை உதாரணத்துடன் விளக்குவோர் சிலரே. அவ்விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சமூக சேவைக் கழகம் என்றால் என்ன?

ஊதியமோ இலாபமோ கருதாது, பிறர் நலனுக்காகத் தமது நேரத்தையும் உழைப்பையும் பொருளையும் வழங்கும் மக்கள் ஒழுங்காகக் கூடி இயங்கும் அமைப்பே சமூக சேவைக் கழகம் ஆகும். தனியொருவர் செய்யும் உதவி அவருடன் முடிந்துவிடலாம். கழகத்துக்கு யாப்பு, நிருவாக சபை, கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை என்பன உண்டு. ஆகவே உறுப்பினர் மாறினாலும் பணி தொடரும்.

உலகளாவிய கழகங்களுள் முக்கியமானவை:

(அ) றோட்டறிக் கழகம். 1905 பெப்ரவரி 23இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞரால் தொடங்கப்பட்டது. அந்நகரில் பொதுக் கழிப்பறை அமைக்கச் செய்தமை அதன் ஆரம்பகாலப் பணிகளுள் ஒன்றாகும். பாடசாலை மாணவருக்கான இன்ரறக்ட் கழகம் 1962இலும், இளைஞருக்கான றோட்டறக்ட் கழகம் 1968இலும் தோன்றின.

(ஆ) லயன்ஸ் கழகம். 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவானது. இதன் இளைஞர் பிரிவாகிய லியோ கழகம் 1957இல் ஆரம்பமாயிற்று.

(இ) சர்வோதய சிரமதான இயக்கம். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் கனதொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று நடத்திய சிரமதானத்திலிருந்து வளர்ந்தது. பாடசாலை மாணவரின் உழைப்பிலிருந்து தேசிய இயக்கம் ஒன்று பிறந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

இவற்றோடு சாரணர் இயக்கம், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை, செஞ்சிலுவைச் சங்கம் என்பனவும் எமது பாடசாலைகளுக்கு நன்கு பழக்கமானவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்தில் சாரணரும் முதலுதவித் தொண்டரும் ஆற்றும் பணியை யாவரும் அறிவர்.

2. யாழ்ப்பாணத்தின் முன்னோடி மரபு

இளைஞர் தொண்டு எமக்கு வெளியிலிருந்து வந்த புதுமை அன்று. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவ்வமைப்பின் அழைப்பின் பேரிலாகும். சாதி வேறுபாடு நீங்கவும், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவும், இலங்கையின் சமூகங்கள் ஒற்றுமையாக வாழவும் அவ்விளைஞர் உழைத்தனர். தம் ஊரின் குறையை முதலில் தாமே திருத்த முயன்றமை அவர்களது சிறப்பாகும்.

3. சேவை சமாதானத்தை எவ்வாறு உண்டாக்குகிறது?

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் போலியோ எனப்படும் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியாகும்.

போலியோ ஒரு வைரசு நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாக்கும். கிருமி தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு நிரந்தர வாதம் ஏற்படலாம். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் காக்கச் சொட்டு மருந்து உண்டு. றோட்டறிச் சங்கம் 1985இல் இந்நோயை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 1988இல் உலக சுகாதார அமைப்பும் அதே இலக்கை ஏற்றது. அவ்வாண்டில் 125 நாடுகளில் சுமார் 3,50,000 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

இலங்கையில் 1995இல் தேசிய தடுப்பு மருந்து தினங்கள் தொடங்கின. அப்போது வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே காலத்தில் மருந்து கொடுத்தாலே வைரசு தங்க இடமின்றி அழியும். ஒரு பகுதி விடுபட்டால் அங்கு வைரசு தங்கி, மீண்டும் நாடெங்கும் பரவக்கூடும். எனவே யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மருந்து கிடைக்காதவரை மாத்தறைப் பிள்ளைக்கும் முழுப் பாதுகாப்பில்லை. இரு தரப்பினருக்கும் பொதுவான நன்மை இதில் இருந்தது.

இதை எடுத்துக்கூறி, தடுப்பு மருந்து தினங்களில் போரை நிறுத்துவதற்கு யுனிசெப் நிறுவனமும் றோட்டறியும் முயன்றன. இலங்கை றோட்டறியின் போலியோ ஒழிப்புக் குழுவின் தலைவராகிய கே. ஆர். ரவீந்திரன் இம்முயற்சியில் முக்கிய பங்கு வகித்தார். இவரே 2015-2016 ஆண்டுக்கான அனைத்துலக றோட்டறித் தலைவராகத் தெரிவான முதலாவது இலங்கையர். துப்பாக்கிகள் ஓய்ந்த அத்தினங்கள் "அமைதித் தினங்கள்" எனப்பட்டன. இலங்கையில் 1993இன் பின் போலியோ நோயாளர் எவரும் இனங்காணப்படவில்லை. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதென உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.

அத்தினங்கள் போரை முடிவுக்குக் கொண்டுவரவில்லை என்பது உண்மை. போர் 2009 மே மாதம் வரை நீடித்தது. ஆயினும், எதிரெதிராக நின்றோர் பொதுவான ஒரு நன்மைக்காக உடன்பட முடியும் என்பதை அவை நிரூபித்தன. பொதுவான தேவையைக் கண்டறிந்து அதைச் சுற்றி மக்களை ஒன்றுசேர்ப்பதே சேவைக் கழகம் சமாதானத்துக்கு ஆற்றும் பணியாகும்.

4. நினைவுகூரலும் சேவையும்

இறந்தோரை நினைப்பது மனித இயல்பு. அது ஒவ்வொருவரின் உரிமையுமாகும். நினைவு துயரத்தோடு நின்றுவிடாது உயிருள்ளோருக்குப் பயன்படும் செயலாக மாறும்போது சமூகம் வலிமை பெறுகிறது. மூன்று உதாரணங்களை நோக்குவோம்.

(அ) சூரியமல் இயக்கம். முதலாம் உலகப் போரில் இறந்த வீரரை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கப்பட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. அதற்கு மாற்றாக, 1930களில் இலங்கை இளைஞர் அதே நாளில் சூரியமல், அதாவது எமது வேலிகளில் நிற்கும் பூவரசின் பூவை விற்று, அப்பணத்தை உள்நாட்டுப் பணிகளுக்குப் பயன்படுத்தினர். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது இவ்வியக்கத்தினர் கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணி செய்தனர்.

(ஆ) ஆழிப்பேரலை நினைவு. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடாநாட்டில் வடமராட்சி கிழக்கு பெரும் இழப்பைச் சந்தித்தது. உடுத்துறையில் அமைந்த நினைவாலயத்தில் ஆண்டுதோறும் உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர். அந்நாள் தேசிய பாதுகாப்புத் தினமாகவும் அனுட்டிக்கப்படுகிறது, காலை 9.25 முதல் 9.27 வரை இரு நிமிட மௌனம் காக்கப்படும். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் கரையை விட்டு உடனே உள்நிலத்துக்கு விலக வேண்டும் என்பதைக் கரையோரப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அந்நாளில் மாணவர் கழகமொன்று செய்யத்தக்க பணியாகும்.

(இ) நினைவுக் குருதிக்கொடை. மறைந்தவரின் நினைவாக இரத்ததான முகாம் நடத்தும் வழக்கம் குடாநாட்டில் உண்டு. ஒருமுறை வழங்கப்படும் சுமார் 450 மில்லிலீற்றர் குருதியைச் செங்குழியம், சிறுதட்டு, திரவவிழையம் எனப் பிரித்து மூவர் வரை பயன்படுத்தலாம். செங்குழியத்தைச் சில வாரங்களும், சிறுதட்டுகளை ஏறத்தாழ ஐந்து நாள்களும் மட்டுமே பேணமுடியும். ஆதலால் முகாம்கள் ஒரே மாதத்தில் குவியாது ஆண்டு முழுவதும் பரந்திருத்தல் நன்று. நினைவு நாள்கள் ஆண்டெங்கும் வருவதால் இத்தேவைக்கு அவை பொருத்தமாகின்றன. 2014 முதல் இலங்கையில் குருதி முழுவதும் தொண்டர் கொடையாகவே பெறப்படுகிறது. கொடுத்தவரின் இனமோ மதமோ சாதியோ குருதிப் பையில் எழுதப்படுவதில்லை.

5. மாணவர் செய்யக்கூடியவை

குருதி கொடுக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தர மாணவர் கொடையாளராக முடியாவிடினும், முகாமை ஒழுங்குபடுத்தலாம். பெற்றோரையும் அயலவரையும் அழைத்து வரலாம். இவை தவிர,

• மாரி மழைக்கு முன் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைச் சிரமதானம் மூலம் துப்புரவாக்கல்;
• தனித்து வாழும் முதியோரைச் சென்று பார்த்தல்;
• கீழ்வகுப்பு மாணவருக்கு மாலைநேர வாசிப்பு உதவி வழங்கல்;
• செப்டெம்பர் 21, அனைத்துலக சமாதான தினத்தில் பிற மொழிப் பாடசாலை மாணவருடன் கடிதத் தொடர்பு ஆரம்பித்தல்

ஆகியவற்றையும் மேற்கொள்ளலாம்.

6. சேவையும் விளம்பரமும்

ஒரு மரக்கன்றைப் பத்துப்பேர் பிடித்துப் படம் எடுத்து, மறுநாள் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லையெனில் அது சேவை ஆகாது. உதவி பெறுவோரை மேடையில் நிறுத்திப் படம் பிடிப்பது அவரது மானத்தைக் குறைக்கும். எந்தப் பணிக்கும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இது அம்மக்கள் கேட்ட தேவையா? நாம் போன பின்னும் பயன் நிலைக்குமா? பெறுபவரின் மதிப்புக் காக்கப்பட்டதா? மூன்றுக்கும் "ஆம்" என விடை கூறக்கூடிய பணியே நற்பணி.

பரீட்சைக் குறிப்பு

"சேவை சமாதானத்துக்கு வழிவகுக்கும்" என்னும் கூற்றை விளக்குமாறு கேட்டால், கழகங்களின் பெயர்களை மட்டும் நிரற்படுத்தாதீர்கள். வரைவிலக்கணம், ஓர் உதாரணம், அதில் செயற்பட்ட காரணம், அதன் பயன், அதன் எல்லை என்ற ஒழுங்கில் எழுதுக. போலியோ உதாரணத்தில் "பொதுவான தேவை" என்னும் கருத்து கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. சமூக சேவைக் கழகத்துக்கும் தனிமனித உதவிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டைத் தருக.
2. "அமைதித் தினங்கள்" ஏன் அவசியமாயின? விளக்குக.
3. நினைவுகூரலைச் சேவையாக மாற்றுவதற்கு உமது கிராமத்தில் செய்யக்கூடிய பணி ஒன்றைத் திட்டமிட்டு, அதை மேற்கூறிய மூன்று வினாக்களால் மதிப்பிடுக.