கண்ணில் விடும் மருந்தும் கண்ணுக்குள் ஓடும் இரத்தமும்

"மூன்று மாதமாக மருந்து விடுகிறேன், பார்வை தெளியவே இல்லை. ஆகவே நிறுத்திவிட்டேன்" என்று கண் அழுத்த நோய் கண்டவர்கள் சிலர் கூறக் கேட்கின்றோம். இம்முடிவு பார்வையையே பறித்துவிடக் கூடும். அம்மருந்து கண்ணுக்குள் என்ன செய்கின்றது என்பதை நாம் அறிந்துகொண்டால் இத்தவறு நேராது.

நம் கண்ணுக்குள் ஒருவகைத் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகின்றது. வடிகால் சரிவர இயங்காவிடில் நீர் தேங்கி, கண்ணின் உள்ளழுத்தம் உயர்கின்றது. பெரும்பாலோருக்கு இவ்வழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அது மிஞ்சும்போது பார்வை நரம்பு நசுங்குகின்றது. அந்நரம்புக்கு இரத்தம் கொண்டு செல்லும் மெல்லிய குழாய்களும் நெருக்கப்படுகின்றன. செடிக்கு நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயைக் காலால் மிதித்தால் நீரோட்டம் குறைவதைப் போன்றதே இது. சிலருக்கு அழுத்தம் மேற்சொன்ன அளவுக்குள் இருந்தும் நரம்பு பழுதடைவதுண்டு. அவர்களுக்கும் அழுத்தத்தை மேலும் குறைப்பதே சிகிச்சை. பெரும்பாலும் வலியின்றி ஓரப் பார்வையே முதலில் மங்குவதால், பலர் இந்நோயை உணர்வதில்லை.

சொட்டு மருந்து, மிதித்த காலை எடுப்பது போன்றது. டிமோலோல் என்னும் மருந்து நீர் சுரப்பதைக் குறைக்கின்றது. லட்டானோபுரோஸ்ட் நீர் வெளியேறுவதை எளிதாக்குகின்றது. அழுத்தம் தணிந்தால், இரத்தம் நரம்பை அடைவதற்குள்ள தடையும் குறைகின்றது. ஆனால், பட்ட மரம் துளிர்க்காதது போல, பட்டுப்போன நரம்பும் மீள்வதில்லை. எஞ்சியுள்ள பார்வையைக் காப்பதே மருந்தின் பணி. பார்வை தெளியாததைக் கொண்டு, மருந்து பயனற்றது என எண்ணலாகாது.

மருந்து விடும் முறையும் முக்கியம். ஒருவேளைக்கு ஒரு சொட்டே போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை 2 நிமிடம் விரலால் மெல்ல அழுத்த வேண்டும். இல்லையேல் மருந்து மூக்கினுள் இறங்கி, உடலின் இரத்தத்தில் கலந்துவிடும். இருவகை மருந்தாயின் இடையே 5 நிமிடம் விடுதல் நலம்.

டிமோலோல் மூச்சிரைப்பைத் தூண்டலாம். இதயத் துடிப்பையும் தளர்த்தலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தாலும் கண்ணுக்குச் செல்லும் இரத்தம் குறையும். ஆதலால் இரத்தக் கொதிப்புக்கு உண்ணும் மாத்திரைகளையும் அவரிடம் காட்டுதல் அவசியம்.

அதிகாலையில் மரம் சீவப் புறப்படும் அவசரத்திலும் காலை மருந்தை மறவாதிருப்போம். மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் அதனை நிறுத்த வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், நாமும் கண்ணைச் சோதித்துக் கொள்வோம்.