ரவிவர்மாவின் கணக்கைப் பார்த்தவர்

எங்க தருமபுரிப் பக்கம் பழைய வீட்டுப் பூஜை அறைகளில் ரவிவர்மா அச்சில் வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களை இன்னும் பார்க்கலாம். ரவிவர்மா பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருக்காகக் கடிதம் எழுதி, விலை பேசி, வரவு செலவு பார்த்தவர் பெயர்தான் தெரியாது. அவர் தம்பி சி. ராஜராஜ வர்மா (1860–1905).

ரவிவர்மா சொந்த ஊரான கிளிமானூரில் நிலையாக இருந்தவர் இல்லை. பரோடா, மைசூர், பம்பாய், உதய்பூர் என்று போய்க்கொண்டே இருந்தார். அரண்மனைப் படம் என்றால் வரைவது பாதி வேலைதான். என்ன விலை, ராஜா எப்போது வந்து உட்காருவார், கான்வாஸும் சாயமும் எப்படி வரும், பாக்கியை எப்படி வாங்குவது என்பதெல்லாம் மீதி பாதி. இதில் பெரும்பகுதி தம்பி தலையில்தான். செகரட்டரி, மேனேஜர், கணக்குப்பிள்ளை எல்லாமே அவர்தான். அண்ணன் படங்களின் பின்னணியையும் பல நேரம் அவரே வரைந்தார்.

ஆனால் ஒரு சிக்கல். செகரட்டரியும் ஓவியர் கூடவே ஊர் சுற்றினால் கடையைப் பார்ப்பது யார்? 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். முதலாளிகள் எங்கோ அரண்மனையில் இருப்பார்கள்; மெஷினோ ஆள் கூலி, காகிதம், மை என்று நாள்தோறும் பணம் கேட்கும். நடுவில் பிளேக் வேறு. 1899-ல் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாற்றியும் கடன் தீரவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் பிரிட்ஸ் ஷ்லைஹருக்கே விற்றார்கள்.

இதற்கு நேர்மாறு ஜெர்மன் ஓவியர் டூரரின் குடும்பம். 1505 முதல் 1507 வரை அவர் வெனிஸில் இருந்தபோது மனைவி ஆக்னஸ் ஊரிலேயே தங்கி, பிராங்க்பர்ட் சந்தைக்குப் போய் அவருடைய அச்சுப்படங்களை விற்றார். ஓவியர் இல்லாத இடத்தில் பொறுப்பான ஓர் ஆள் இருந்தார்.

ராஜராஜ வர்மாவும் நல்ல ஓவியர். நிலக்காட்சிகளுக்காகக் கண்காட்சிகளில் பரிசு வாங்கியவர். அண்ணன் வேலைக்குப் போன நேரம் போக மிஞ்சிய நேரத்தில் வரைந்தவைதான் அவை. 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2 அன்று அண்ணனும் போய்விட்டார்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம், தம்பி 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு. அது 2005-ல் புத்தகமாக வந்தது. ஓவியரின் உழைப்புக்குப் படம் சாட்சி. செகரட்டரியின் உழைப்புக்கு நோட்டு மட்டும்தான் சாட்சி.

நம்ம ஊர்க் கூத்து ஜமாக்களிலும் தேதி, முன்பணம், பாக்கி எழுதிய நோட்டு யாரிடமாவது இருக்கும். வேஷம் கட்டியவர் போட்டோவைப் பத்திரமாக வைக்கிறோம். அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.