இரு படங்கள், ஒரே படுக்கை

"போன மாதந்தானே சி.டி. எடுத்தோம், மறுபடியும் ஒன்றா?" பெட் சி.டி. பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது கந்தர்வக்கோட்டைக் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி இதுவே. நியாயமான கேள்விதான், செலவும் பயணமும் சிறியன அல்ல.

சி.டி. உடலின் அமைப்பைக் காட்டும். கட்டி எங்குள்ளது, எவ்வளவு பெரிது என அளந்து சொல்லும். ஆனால் சிகிச்சைக்குப்பின் எஞ்சியிருப்பது உயிருள்ள புற்றுத்திசுவா, வெறும் தழும்பா என்பதைப் பல வேளைகளில் அதனால் பிரித்துரைக்க இயலாது. அங்கேதான் பெட் உதவுகிறது. சிறிதளவு கதிரியக்கம் கொண்ட, குளுக்கோஸை ஒத்த மருந்தை ஊசிவழி செலுத்தினால், சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கும் புற்றணுக்கள் படத்தில் ஒளிரும். எனினும், இருட்டில் தொலைவிலுள்ள விளக்கு மட்டும் தெரிந்து, ஊர் எதுவெனத் தெரியாத நிலை அது. ஒளி எந்த உறுப்பில் என்பதற்குச் சி.டி. வேண்டும்.

முன்பு இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பொருத்திப் பார்த்தனர். நோயாளி எழுந்து நடந்து மறுபடி படுப்பதற்குள் உடலின் கிடப்பு மாறிவிடும், படங்கள் ஒட்டா. டேவிட் டவுன்செண்ட், ரான் நட் ஆகியோர் இரு கருவிகளையும் ஒரே படுக்கையைச் சுற்றி அமைத்து இதற்கு வழி கண்டனர். அதன் முதல் மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. இன்று பெட்டை எம்.ஆர்.ஐ.யுடன் இணைத்த கருவிகளும் உண்டு.

ஒளிர்வதெல்லாம் புற்று அன்று. காசநோயும் அழற்சியும்கூட ஒளிரும். அறிக்கையைப் பார்த்தவுடன் கலங்க வேண்டா.

மருந்திலுள்ள ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். தாமதித்தால் தங்களுக்கென வந்த மருந்து வீணாகலாம். ஆகவே தஞ்சைக்கோ திருச்சிக்கோ செல்வோர் ஒரு பேருந்து முன்னதாகவே புறப்படுக. பொதுவாக 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. வழியில் அருந்தும் ஒரு குவளைத் தேநீரே பரிசோதனையைக் கெடுத்துவிடும். நீரிழிவு உள்ளோர் மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தாமல், மையத்தைக் கேட்டுக்கொள்க. முந்தைய நாள் வயல் வேலையும் முந்திரித் தோப்பு வேலையும் வேண்டா. உழைத்த தசைகளும் சர்க்கரையை ஈர்த்து ஒளிரும். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முன்னரே சொல்லிவிடுக.

ஊசிக்குப்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல் ஓய்ந்திருக்க வேண்டும். துணைக்கு வருவோருக்கு இது சற்றுக் கடினம், எங்களுக்குத் தெரியும். வீடு திரும்பியதும் பேரக்குழந்தை ஓடிவந்து மடியேறும். அன்று ஒரு பொழுது மட்டும் பாட்டியோ தாத்தாவோ சற்று விலகியிருக்கட்டும்.

பழைய சி.டி. படங்களை மறவாமல் எடுத்துச் செல்க.