நீலிக் கண்ணீரின் ஊரைக் கண்டதுண்டா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகளுக்கு வீடு கொள்ளாது. "எங்காவது அழைத்துப் போங்கள்" என்ற நச்சரிப்பு காலைக் காப்பியோடு ஆரம்பமாகிவிடும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய்வர எல்லோருக்கும் கை இடங்கொடுக்குமா? சென்னைவாசிகளுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. மேற்கே திருவாலங்காடு வரை சுமார் 60 கிலோ மீட்டர். ஒரே நாள் பிரயாணம். வழியெல்லாம் விந்தைகள்தாம்!

கைக்குள் அடங்கும் கோடரி

திருவள்ளூரிலிருந்து முதலில் பூண்டிக்குத் திரும்பலாம். சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம் அது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. அவரோ அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இங்கே தொல்லியல் துறையின் சிறிய காட்சிசாலை ஒன்று உண்டு. உள்ளே இருப்பவை கற்கள். "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பையன் முகத்தைச் சுளிப்பான். அருகிலுள்ள அதிராம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் இத்தகைய கற்கருவிகளைக் கண்டுபிடித்தார். அவ்வூரில் கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கோவிலும் கோட்டையும் தோன்றுமுன், நம்மைப் போன்ற மனிதரே உலகில் தோன்றுமுன், யாரோ உட்கார்ந்து செதுக்கிய கோடரி! சொன்னால் பையன் மறுபடியும் ஒருமுறை பார்ப்பான்.

கால் படக் கூசிய மண்

திரும்பி வந்து அரக்கோணம் திசையில் சென்றால் திருவாலங்காடு. ஐந்து சபைகளுள் இது இரத்தினசபை. காளியுடன் போட்டியிட்டு ஆடிய சிவபெருமான், கீழே விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டினாராம்; காளி நாணித் தோற்றாளாம். வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் செய்து பார்த்துக் கீழே விழாமல் பெற்றோர் கவனித்துக்கொள்ள வேண்டும்!

காரைக்கால் அம்மையார் இவ்வூரைக் காலால் மிதிக்கக் கூசித் தலையாலேயே நடந்து வந்தார் என்கிறது பெரியபுராணம். பின்னால் வந்த ஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சி, ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட்டாராம்.

சொன்ன சொல்

இனி முக்கியமான இடம். பக்கத்திலே பழையனூர். 'நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்' என்று நாம் பேசுகிறோமே, அந்த நீலியின் ஊர் இதுதான்!

கதை பல விதமாக வழங்குகிறது. வஞ்சித்துக் கொல்லப்பட்ட ஒரு பெண் பேயாகி, தன்னைக் கொன்ற வணிகனைத் தேடி வந்தாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் கணவர் என்னைக் கைவிட்டார்" என்று ஊர்ச் சபையில் அழுதாள். "இவள் பேய்" என்று வணிகன் அலறினான். வேளாளர் எழுபது பேரும், "அஞ்சாதே, உன் உயிர் போனால் எங்கள் உயிரும் உனக்கு ஈடு" என்று வாக்களித்து இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீ மூட்டி அதில் இறங்கினார்கள்.

அவர்கள் நினைவாக இங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. சாட்சி பூதேசுவரருக்கும் ஒரு கோவில் உண்டு. நீலியின் பொய்யழுகை உலக வழக்காகிவிட்டது. வாக்குக்காக உயிர் விட்டவர்களை நினைப்பவர்தாம் குறைவு.

இதே பழையனூரை இராசேந்திர சோழன் ஆலங்காட்டு இறைவனுக்குத் தானமளித்தான். அந்தச் செய்தி பொறித்த 31 செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன. அவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஊரைப் பார்த்தவர்கள், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அதன் பத்திரத்தையும் பார்த்துவிடலாம்!

புறப்படுமுன் இரண்டொரு வார்த்தை. வெயில் கடுமை, தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். நடுப்பகலில் கோவில் நடை சாத்திவிடுவார்கள். அதிராம்பாக்கத்துப் பக்கம் போனால் ஒரு கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடம் பெயர்ந்த கல் தன் வயதைச் சொல்லாது. இந்த இடங்களில் ராட்டினமும் கிடையாது, மின்விளக்கு அலங்காரமும் கிடையாது. வண்டியை நிறுத்திக் கதையைச் சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். சொல்லாவிட்டால் கோடரி வெறுங்கல். எழுபது பேர் மண்டபம் நிழலுக்கு ஒதுங்கும் இடம்.