கேட்க ஆளில்லாத கிளாக்

சூலூர், சோமனூர் பக்கம் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். விசைத்தறியில் கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் நாடா ஒருமுறை பாவுக்குள் பாயும். தண்டு நின்றால் நாடாவும் நின்றது. சிப்புக்குள் பிராசஸரையும் நினைவகத்தையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் பஸ்ஸும் அப்படித்தான். கிளாக் துடித்தால்தான் தகவல் நகரும்.

கணினியில் செருகும் பி.சி.ஐ. கார்டைக் கெர்னல் கேட்டால், தான் யார் என்று அதுவே சொல்லிவிடும். சிப்பிலேயே பதிந்த சாதனங்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. எது எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கிளாக்கில் ஓடுகிறது என்று மனிதர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. ஏ.ஆர்.எம். போர்டுகளின் விவரங்கள் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே குவிந்ததால், 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்த பிறகு, ஏ.ஆர்.எம். போர்டுகளில் டிவைஸ் ட்ரீ வேகமாகப் பரவியது.

ஈதர்நெட்டுக்கு ஒரு டிரைவர் உண்டு. தனக்கு வேண்டிய கிளாக்கை அது கேட்டு வாங்கிக்கொள்ளும். பஸ்ஸுக்குப் பல போர்டுகளில் டிரைவரே கிடையாது. அதன் கிளாக்கை, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் முன்பே ஓடவிட்டிருக்கும், எல்லாம் நன்றாகவே நடக்கும். பூட் முடியும் தறுவாயில், மின்சாரத்தை மிச்சப்படுத்த, யாரும் கேட்காத கிளாக்குகளைக் கெர்னல் ஒவ்வொன்றாக அணைக்கிறது. சீரியல் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நிற்கின்றன. பிழைச் செய்தி ஒன்றும் வராது. பிராசஸர் ஏதோ ஒரு பதிவேட்டைப் படிக்கக் கேட்டுவிட்டு, வராத பதிலுக்குக் காத்துக் கிடக்கிறது.

பூட் வரியில் 'கிளாக் இக்னோர் அன்யூஸ்டு' என்ற கட்டளையைச் சேர்த்துப் பார்க்கலாம். போர்டு எழுந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டமாதிரிதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிடுவது வைத்தியமாகாது. வேண்டாத கிளாக்குகளும் சேர்ந்து ஓடி மின்சாரத்தைத் தின்னும். பஸ்ஸையே டிவைஸ் ட்ரீயில் 'சிம்பிள் பி.எம். பஸ்' என்ற வகைக் கணுவாக எழுதி, கிளாக்கை அதில் குறித்து, சாதனங்களை அதன்கீழ் வைப்பதே முறை. கீழுள்ள சாதனம் வேலை செய்யும்போது பஸ்ஸின் கிளாக்கும் ஓடும். அது ஓய்ந்தால் இதுவும் ஓயலாம். எந்தப் பாதையில் எவ்வளவு தகவல் போகும் என்பதைப் பொறுத்து பஸ்ஸின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, 2019-ல் லினக்ஸ் 5.1-ல் இன்டர்கனெக்ட் என்றே தனி அமைப்பும் வந்தது.

இது நம்மையும் தொடும் விஷயம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப் 2018-ல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த வகையிலும் லினக்ஸுக்கு வன்பொருளை அறிமுகம் செய்வது பெரும்பாலும் டிவைஸ் ட்ரீதான். வாங்கிய சிப்புக்குப் பெரும்பாலும் விற்றவரே இதை எழுதித் தருவார். நம் சிப்புக்கு நாம்தான் எழுதியாகவேண்டும், பஸ் கிளாக் உட்பட.