பேருந்துக்குள் உயரும் கைப்பேசி

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து புதுச்சத்திரத்தில் நிற்கிறது. படிக்கட்டில் சில்லறைத் தகராறு. உடனே நாலைந்து கைப்பேசிகள் உயர்கின்றன. எடுக்கலாமா?

பொது இடத்தில் படம் எடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் வேலிகள் உண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூட்ட நெரிசலான பேருந்தும் இதற்கு விலக்கல்ல.

தில்லி மெட்ரோ இன்னும் கறார்; அனுமதியில்லாமல் அங்கே காணொளி எடுக்கக் கூடாது. அதே மெட்ரோவின் கண்காணிப்பு கேமராவில் பதிவான காதலர்களின் காட்சிகள் 2013-இல் ஆபாசத் தளங்களில் வெளியாகின. பயணியின் கேமராவை மட்டும் சந்தேகிப்பது எப்படி நியாயமாகும்?

கேமரா இல்லாததன் வலியையும் தமிழ்நாடு அறியும். 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் ஒரு கண்காணிப்பு கேமராகூட இல்லை. அருகிலிருந்த தெருக்களின் தனியார் கேமராக்களைத்தான் காவல்துறை நாட வேண்டியிருந்தது.

பேருந்தில் ஒரு பெண்ணிடம் ஒருவன் அத்துமீறினால், அவள் எடுக்கும் காணொளி சாட்சியம். அதை முதலில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது நல்லது. சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சம்பந்தமே இல்லாத பயணியின் முகமும் ஊரெல்லாம் சுற்றும். அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.